உமிச் சாம்பலும் கொட்டாங்கச்சியும் காங்கிரீட்டில்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம்தான். வீடு கட்டுகிறவர்களும், கட்டப் போகிறவர்களும், மேஸ்திரி வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களும் பொறுமையாக முழுதும் படியுங்கள்.

நம் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும்தான் பிழைப்பு. அறுவடை முடிந்தால் உமி, கரும்புச் சக்கை, மல்லாட்டைத் தோல் என்று மிஞ்சுவதும் மலை மலையாக மிஞ்சும். 100 கிலோ நெல் அரைத்தால் ஏறக்குறைய 20 கிலோ உமி. அந்த உமியைக் கொதிகலனில் எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் அரிசி ஆலை ஒன்று இருந்தது. மேல்காற்று அடித்தால் அந்தச் சாம்பல் வகுப்புக்குள் வந்துவிடும். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வார்கள். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தச் சாம்பலில் என்ன இருக்கிறது தெரியுமா? 85 முதல் 90 சதவீதம் வரை சிலிக்கா. மணலில் இருக்கும் அதே பொருள். திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு உங்களைச் சுற்றுலா அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்களுக்குள் சிலிக்கா புகுந்து, அவை கல்லாகிப் போயின என்று சொன்னேன் அல்லவா, அதே சிலிக்காதான். நெற்பயிர் அதை மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது.

சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சமாகும். அதனால் கட்டடத்துக்குப் பலம் இல்லை. நல்ல உமிச் சாம்பலைக் கலந்தால், அதிலுள்ள சிலிக்கா இந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் பசையை உண்டாக்கும். இப்படி 10 முதல் 15 சதவீதம் சிமெண்டைக் குறைக்கலாம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நம் நாட்டுக்காரர் பி. குமார் மேத்தா 1970களிலேயே இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர்.

"நல்ல" உமிச் சாம்பல் என்று சொன்னேன், கவனியுங்கள். ஏறக்குறைய 700 டிகிரிக்கு மேல் போகாமல், கரி மிஞ்சாமல் எரித்து, நைசாக அரைத்த சாம்பல்தான் வேலை செய்யும். சூடு அதிகமானால் சிலிக்கா படிகமாகிவிடும். பிறகு அது வெறும் மணல் தூள் மாதிரிதான். சூடு போதாவிட்டால் கரி மிஞ்சிக் கறுப்பாக இருக்கும். நாம் சின்ன வயதில் பல் துலக்கினோமே உமிக்கரி, அது பல்லுக்கு ஆகும், காங்கிரீட்டுக்கு ஆகாது. கரி தண்ணீரைக் குடித்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், விழுப்புரத்தில் என் தங்கை மகன் வீட்டு மாடியில் இன்னொரு தளம் எழுப்பப் போகிறான். என் மச்சான் வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்டிய பழைய வீடு. கீழே இருக்கும் அஸ்திவாரம் ஒற்றைத் தளத்துக்குப் போட்டது. "மாமா, சாம்பல் கலந்த ஹாலோ பிளாக் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். வெயிட்டும் கம்மி, விலையும் கம்மியாம். வாங்கலாமா?" என்று போனில் கேட்டான்.

நான் சொன்னது இதுதான். "மாப்ளே, இங்கே ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புறாங்க. சாம்பல் போடுறது சிமெண்டுக்குப் பதில். அதனால எடை பெரிசாக் குறையாது. எடை குறையணும்னா ஜல்லியை மாத்தணும். சாம்பல் போட்டதாலேயே கல்லு லேசாயிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னா, உள்ளே ஓட்டை ஓட்டையா இருக்குன்னு அர்த்தம்."

அப்படியானால் ஜல்லிக்குப் பதில் எதைப் போடலாம்? இதற்கு விடை தேடியவர்கள் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திண்டிவனத்தில் பஸ் ஏறி சென்னைக்குப் போகும் வழியில் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கே. குணசேகரன், பி.எஸ். குமார், எம். லட்சுமிபதி ஆகியோர் கொட்டாங்கச்சியை உடைத்து ஜல்லியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2011இல் ஆய்விதழிலும் எழுதினார்கள். கருங்கல் ஜல்லி போட்ட காங்கிரீட் ஒரு கன மீட்டருக்கு சுமார் 2,400 கிலோ இருக்கும். கொட்டாங்கச்சி காங்கிரீட் 2,000 கிலோவுக்குள் வந்தது. 28 நாளில் அதன் பலம் சதுர மில்லிமீட்டருக்கு 26 நியூட்டனைத் தாண்டியது. கம்பி கட்டிப் போடும் காங்கிரீட்டுக்கு நம் நாட்டு விதி கேட்பது குறைந்தது 20.

ஒரு கணக்குப் போடுவோம், வாத்தியார் புத்தி போகாதே! 10 அடிக்கு 10 அடி அறை, 5 அங்குலம் தளம். வழக்கமான காங்கிரீட்டில் சுமார் 2.8 டன். கொட்டாங்கச்சி காங்கிரீட்டில் 2.3 டன் சொச்சம். ஒரே அறையில் அரை டன் மிச்சம். பழைய அஸ்திவாரத்துக்கு இது சின்ன விஷயமா?

மலேசியாவில் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓட்டை வைத்து 1980களிலிருந்தே இதைச் செய்து வருகிறார்கள். சபா மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 2001இல் ஒரு சிறு நடைபாலமும், 2003இல் ஒரு சிறிய வீடும் கட்டிக் காட்டினார்கள். நம் ஊரைப் போலவே வெயிலும் மழையும் உள்ள இடம் அது.

குறையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. கொட்டாங்கச்சி தன் எடையில் கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர் குடிக்கும். அதனால் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துத்தான் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்டுக்குப் போக வேண்டிய தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். சிமெண்டும் கூடுதலாகச் செலவாகும். அதே பாரத்துக்குக் கருங்கல் காங்கிரீட்டைவிட அதிகமாக வளையும். ஆகவே கம்பியும் கனமும் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். மேஸ்திரி வேலை பார்க்கும் என் மாணவர்களே, உங்கள் கைத்திறமையை நான் அறிவேன். ஆனாலும் இதில் கண்ணளவு வேண்டாம்.

தங்கை மகனிடம் முதலில் ஒரு பொறியாளரை அழைத்து அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொன்னேன். கல்லைச் சோதிக்க ஒரு வழியும் சொன்னேன். நீங்களும் செய்யலாம். நன்றாகக் காய்ந்த கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் முழுக வைத்து, துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஹாலோ பிளாக்குக்கு விதி அனுமதிப்பது 10 சதவீதம்தான். 10 கிலோ கல் 11 கிலோவைத் தாண்டினால் அந்தக் கல் வேண்டாம். இது முதல் வடிகட்டல் மட்டுமே. பலத்தைச் சோதனைக்கூடத்தில் உடைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விற்பவர் சோதனைச் சான்று காட்டட்டும். அவன் இரண்டு கல்லை ஊறவைத்தான், இரண்டுமே தேறவில்லை. வாங்கவில்லை.

உடனே சாம்பலே கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நம் முன்னோர் உமியையும் வைக்கோலையும் மண்ணோடு மிதித்துக் குதிரும் சுவரும் கட்டியவர்கள். அந்த அறிவுக்கு இப்போது அளவும் சோதனையும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. வானூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், ஜல்லிக்காக எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறோம் என்று. தோண்டிய கல் திரும்ப முளைக்காது. தேங்காயும் நெல்லும் அடுத்த போகத்தில் மறுபடி வரும்.

அரிசி ஆலையிலும் சர்க்கரை ஆலையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, உங்கள் ஆலைச் சாம்பல் எங்கே போகிறது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். சிவில் படிக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கு நம் ஊர் மல்லாட்டைத் தோலையே எடுத்துச் சோதிக்கலாமே!

எல்லோரும் நலமாக இருங்கள்.