ஐயர் படிப்பும் கொல்லிமலையும்

"பிராண்டு துரை எந்தக் காலேஜுல தம்பி ஐயர் படிப்பு படிச்சாரு?"

ஊரில் 'ஐயர் படிப்பு' என்று சொல்கிற இறையியல் பட்டமான பி.டி.யை மதுரையில் படித்துக்கொண்டிருந்த நாட்களில் கொல்லிமலைக்குப் போயிருந்தபோது, சபை மூப்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அந்தக் குரலில் கேலி இல்லை. பட்டம் எதுவும் இல்லாமலேயே ஒருவர் இந்த மலைக்கு இவ்வளவு செய்துவிட்டுப் போயிருக்கிறார், நீங்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து அப்படி என்னதான் படிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. இறையியல் மாணவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வீட்டில் கேட்பார்கள், ஊரில் கேட்பார்கள், ஜெபக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போதும் யாராவது கேட்பார்கள். ஆனால் கொல்லிமலையில் கேட்டால் அதற்குத் தனி எடை உண்டு. பதிலும் அந்த மலையிலேயே இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

ஜெஸ்ஸி பிராண்டு 1907-இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். கட்டட வேலை தெரிந்த மனிதர். அவர் மணந்துகொண்ட ஈவ்லின் லண்டனில் வசதியான வணிகர் வீட்டுப் பெண், ஓவியம் பயின்றவர். இருவரும் 1913-இல் மணம் முடித்துக் கொல்லிமலைக்கு வந்தார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிச் செம்மேட்டில் இறங்குகிற நமக்கு அந்தக் காலத்து மலை கண்ணுக்குத் தெரியாது. சாலை கிடையாது. மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளிக்காரர்கள் மலையில் தங்கத் தயங்கிய காலம். இவர்கள் வாழவந்தி நாட்டில் வீடு கட்டிக் குடியேறினார்கள். மூத்த பிள்ளை பால் பிராண்டு 1914 ஜூலை 17 அன்று இந்த மலையில்தான் பிறந்தார்.

முதல் சில வருடங்கள் பிரசங்கத்தைக் கேட்டுச் சபையில் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. மருந்து வாங்க வருவார்கள், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவார்கள், தச்சு வேலை கற்பார்கள், அதோடு சரி. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் விஷக் காய்ச்சல் நாடு முழுவதும் பரவியபோது மலைக்கும் வந்தது. இவர்கள் ஊழியத்தை எதிர்ப்பதில் முன்னால் நின்ற பூசாரி ஒருவர் நோயில் விழுந்தார். அவர் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் பிராண்டு தம்பதிதான். சாகும் தறுவாயில் தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார் அவர். அந்தப் பெண் குழந்தை அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தது. அதன் பிறகே மலை மக்கள் சபைப் பக்கம் வரத் தொடங்கினார்கள்.

இதைச் சொன்னதும், 'பார்த்தீர்களா, அன்பு போதும், படிப்பு எதற்கு?' என்பார்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஜெஸ்ஸி பிராண்டு படிக்காமல் வரவில்லை. ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கென்று லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரி நடத்திய மருத்துவப் பயிற்சியில் சேர்ந்து, தேவையானதைக் கற்றுக்கொண்டு வந்தார். அது எப்படிப் பயன்பட்டது என்பதற்கு நரம்புச் சிலந்தி ஒன்றே போதும். இந்தப் புழு காலில் கொப்புளமாய்க் கிளம்பும். உள்ளே முழ நீளத்துக்கு மேல் சுருண்டு கிடக்கும். தலை தெரிந்தவுடன் அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் சீழ் வைத்துவிடும். ஜெஸ்ஸி பிராண்டு அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, நோயாளி வலியில் முனகுவதைப் பொறுமையாய்க் கேட்டபடி வெளியே எடுப்பார். சிறுவன் பால் பக்கத்தில் நின்று பார்ப்பான். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. கொப்புளத்தோடு தண்ணீரில் கால் வைக்கும்போது புழுவின் குஞ்சுகள் நீரில் இறங்குகின்றன, அந்த நீரைக் குடிப்பவருக்குத் தொற்றுகிறது என்று தெரிந்தவர் ஆகையால், குடிநீரில் கால் படாதபடி கிணற்றைச் சுற்றிக் கல் கட்டு எழுப்பச் சொல்லிக் கொடுத்தார். இந்தியாவில் நரம்புச் சிலந்தி முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் ஒருவர் அதன் வேரைப் பிடித்திருந்தார். அன்பு அவரை நோயாளியின் காலடியில் உட்கார வைத்தது. படிப்பு அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனது.

இறையியல் படிப்பும் கிணற்றடிக்குப் போகிற படிப்புதான் என்று நினைக்கிறேன். நோய் வந்தவுடன் 'யார் செய்த பாவமோ' என்று கேட்கும் பழக்கம் எல்லா மதத்திலும் உண்டு. யோவான் எழுதிய நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி இயேசுவின் சீடர்களே அதைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியையே இயேசு தள்ளிவிட்டு, மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசிச் சீலோவாம் குளத்துக்கு அனுப்புகிறார். இதை நான் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த அதிகாரத்தின் பாதிக்கு மேல் குணமான மனிதனைச் சமயத் தலைவர்கள் விசாரித்து வெளியே தள்ளுகிற கதை என்பதையும், அது எழுதப்பட்ட காலத்தில் தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளப்பட்ட சிறு கூட்டத்தின் வலி அதில் இருக்கிறது என்று அறிஞர்கள் பலர் கருதுவதையும், கல்லூரி வகுப்பில்தான் கற்றேன். ஒரு பகுதியை அது பிறந்த மண்ணில் வைத்துப் படித்தால் அதில் எதிர்த்தவர்கள் யார், அடிபட்டவர்கள் யார் என்று தெரியும். தெரிந்த பிறகு அதே பகுதியை வைத்து ஒரு நோயாளியை மிரட்ட மனம் வராது.

முதல் வருடம் எளிதாக இருக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊரில் சாட்சி சொல்லி, பாட்டுப் பாடி, மாலை போட்டு வழியனுப்பிய பிள்ளை கல்லூரிக்கு வருகிறது. எபிரெய எழுத்தை வலமிருந்து இடமாக எழுதப் பழகுகிறது. அடுத்த மணியில் பழைய ஏற்பாட்டு ஆசிரியர், மோசேயின் ஐந்து நூல்கள் பல நூற்றாண்டுகளில் பல கைகள் தொகுத்தவை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறார். படைப்பு வரலாறு இரண்டு உண்டு, இரண்டிலும் வரிசை வேறு. மாற்கு எழுதியதில் பெரும்பகுதி மத்தேயுவில் இருக்கிறது, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேள்வி வருகிறது. என் அறைத் தோழர் அந்த வாரங்களில் சரியாகச் சாப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று இரவெல்லாம் பேசினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. விசுவாசம் இருந்ததால்தான் வலித்தது.

அவரைத் தங்க வைத்தது ஒரு வரலாற்றுப் பாடம். கி.மு. 587-இல் எருசலேம் விழுந்தது, ஆலயம் எரிந்தது, ஜனங்கள் பாபிலோனுக்குப் போனார்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் இன்றைய வடிவத்தைப் பெற்றது அந்த அந்நிய மண்ணில்தான் என்று பலரும் கருதுகிறார்கள் என்றார் ஆசிரியர். எல்லாம் இழந்தவர்கள், வென்றவர்களின் தேவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, உலகம் எங்கள் கடவுளுடையது என்று எழுதியிருக்கிறார்கள். எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்தபின் அந்த நூல் சிறுத்துப்போகவில்லை, கனத்துப்போனது. தோழர் இன்று ஒரு கிராமத்துச் சபையில் ஆயராக இருக்கிறார்.

லேவியராகமம் 13, 14 அதிகாரங்களையும் அப்படித்தான் படித்தோம். அங்கே சொல்லப்படும் தோல் நோய் துணியிலும் வருகிறது, வீட்டுச் சுவரிலும் வருகிறது. நாம் தொழுநோய் என்று அறிந்த நோய் சுவரில் வராது. ஆனால் அந்த இரண்டு அதிகாரங்களின் நிழலில் எத்தனை தலைமுறை நோயாளிகள் ஊருக்கு வெளியே நின்றார்கள்! கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பி வந்து தொழுநோயாளிகளின் கைகளைக் கையிலெடுத்துப் பார்த்தார். விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டுப்பட்டும் நசுங்கியும் அழிகின்றன என்று கண்டார். தசைநாரை மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். வலி மனிதனுக்கு அருளப்பட்ட காவல் என்று வாழ்நாளெல்லாம் எழுதினார், பேசினார். துன்பம் ஏன் என்ற யோபுவின் கேள்வியை வகுப்பில் அலசும்போது நான் அவரையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன். அறுவை மேசையருகே எழுதப்பட்ட இறையியல் அது.

ஆனால் எல்லா வலிக்கும் அப்படி ஒரு விளக்கம் பொருந்தாது. 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்டு மலேரியாவின் கடுமையான வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். பால் அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவன். பதினைந்து வயது நிரம்பவில்லை. தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த அப்பாவின் கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி அவற்றில் எழுதியிருந்தார். இறந்த தகப்பனின் கடிதத்தைப் பிரிக்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது? பி.டி. வகுப்பில் கற்றுக்கொண்டவற்றுள் மிகப் பெரியது, சில இடங்களில் விளக்கம் சொல்லாமல் உடன் இருக்க வேண்டும் என்பது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது சரியாக இருந்தார்கள், பேச ஆரம்பித்ததும் கெட்டது என்று எங்கள் ஆசிரியர் சொல்வார்.

ஈவ்லின் அம்மா மலையை விடவில்லை. வயதாகிவிட்டது, போதும் என்று மிஷன் சொன்னபோது விலகிக்கொண்டு தாமாகவே மலையேறினார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் ஊர் ஊராகப் போனார். கல்ராயன், பச்சைமலை என்று மற்ற மலைகளுக்கும் போனார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

தமிழில் இறையியல் படிப்புக்கு நீண்ட வேர் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க 1716-இல் பள்ளி தொடங்கினார். 1733-இல் ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியரில் அவரே முதல் புராட்டஸ்டண்ட் குரு. இன்று நாட்டின் பெரும்பாலான இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்குவது 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் செனட். மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பி.டி.யைத் தமிழிலேயே படிக்கலாம். அங்கே பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை அண்ணன்' என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், கிராமியப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உட்கார்ந்து உண்பதே திருவிருந்தின் சாரம் என்று கற்பித்தார். சாதி பார்த்துக் கல்லறையைப் பிரிக்கிற சபைகள் நம்மிடம் இருக்கும்வரை அந்தப் பாடம் பழையதாகாது.

மறுபடி மலைக்கே வருகிறேன். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலும் இருக்கிறது, எட்டுக்கை அம்மனும் இருக்கிறாள். சாமையும் தினையும் விதைக்கிற மலையாளிப் பழங்குடி மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சன்னிதிகளில் நிற்பவர்கள். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது இந்த இறைவன் மேல்தான். பி.டி.யில் பிற சமயங்களும் ஒரு பாடம் என்பதை ஊரில் பலர் அறியமாட்டார்கள். அண்டை வீட்டாரின் பக்தியை மதிக்கக் கற்காத ஊழியர் இந்த மலைக்குத் தேவையில்லை.

ஆறு மாதச் சான்றிதழை மாட்டிக்கொண்டு மேடையேறி, மருந்து சாப்பிடாதே, விசுவாசம் வை என்று சொல்கிறவர்களால் பிள்ளையை இழந்த வீடு ஒன்றை நான் அறிவேன். அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். மூப்பர்களே, பெற்றோரே, வேறு இடம் கிடைக்காத பிள்ளைக்கு ஒதுக்கிவைக்கிற படிப்பாக இதை வைத்திருக்காதீர்கள். உங்கள் வீட்டில் நன்றாகப் படிக்கிற, நிறையக் கேள்வி கேட்கிற மகளோ மகனோ இறையியல் படிக்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். முதல் வருட விடுமுறையில் குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை வாழவந்திக்கு அழைத்துக்கொண்டு போங்கள், செம்மேட்டிலிருந்து பக்கம்தான்.