எரியாத கல்லின் ஊர்

எடின்பரோ நகரத்தை ஒட்டி போர்ட்டோபெல்லோ என்று ஒரு கடற்கரை இருக்கிறது. மாலையில் காற்று வாங்க வருகிறவர்களும், நாயை உலாவ அழைத்து வருகிறவர்களும் அங்கே அதிகம். நாமும் காற்று வாங்கத்தான் போனோம். ஆனால் சிறிது நேரத்தில், கிளிஞ்சல் பொறுக்கும் குழந்தையைப் போலக் குனிந்து செங்கல் பொறுக்கத் தொடங்கிவிட்டோம்! அலை உருட்டி உருட்டி மூலை மழுங்கிப்போன செங்கற்கள். சிலவற்றின் முதுகில் ஆங்கில எழுத்துக்கள் தெரிந்தன. ஒன்றில் பாதிப் பெயர். மற்றொன்றில் இரண்டே எழுத்து. எந்தக் காலத்திலோ இடித்த கட்டிடங்களின் கல்லைக் கரையில் கொட்டியிருக்கிறார்கள். அதைச் சமுத்திரராஜன் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

செங்கல்லில் பெயர் பொறிப்பது ஸ்காட்லாந்தில் வெகுகாலம் சர்வ சாதாரணமான வழக்கமாக இருந்தது. அந்தக் கற்களைத் தேடிச் சேர்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இன்றும் அங்கே உண்டு. தபால் தலை சேர்ப்பவர்களைக் கண்டால் இவர்கள் பொறாமைப்படத்தான் வேண்டும். ஒரு கல்லின் எடை சுமார் மூன்றரை கிலோ; நூறு கல் சேர்ந்தால் வீட்டில் மனிதர் இருக்க இடமிராது. ஆயினும் இவர்களுடைய உழைப்பினால் ஒரு விசித்திரம் வெளிப்பட்டிருக்கிறது. 'கிளென்பாய்க்' என்ற பெயர் தாங்கிய கல் கலிபோர்னியாவில் அகப்படுகிறது; ஆஸ்திரேலியாவில் அகப்படுகிறது; நியூஸிலாந்திலும் அகப்படுகிறது.

செங்கல்லுக்கு வேண்டிய மண் எந்த நாட்டில்தான் இல்லை? கேவலம் ஒரு செங்கல்லைப் பத்தாயிரம் மைல் கப்பலேற்றி அனுப்புவார்களா? இந்தக் கேள்வியே நம்மைக் கிளென்பாய்க்குக்கு இழுத்துச் சென்றது.

போகும் வழியில் கிளாஸ்கோ நகரின் விக்டோரியா பூங்காவில் சற்று நின்றோம். அங்கே கல்லாய்ச் சமைந்த பதினொரு அடிமரங்கள், வேர் பரப்பி நின்ற இடத்திலேயே இன்னமும் நிற்கின்றன. 1887-ம் வருஷம் பூமியைத் தோண்டியபோது இவை வெளிப்பட்டன. வயதோ முப்பத்திரண்டு கோடி வருஷத்துக்கும் மேல்! இம்மாதிரி சதுப்பு வனங்கள் புதைந்துதான் நிலக்கரி உண்டாயிற்று. அந்த வனம் வேரூன்றி நின்ற சேறு நிலக்கரிப் படுகைக்கு அடியில் தங்கிவிட்டது. சுண்ணமும் உப்புக்களும் அதில் மிகக் குறைவு. ஆகையால் அந்த மண் லேசில் உருகுவதில்லை. அதைக் கொண்டு சுட்ட கல்தான் தீச்செங்கல். தொழிற்சாலைக்காரர்கள் 'பயர் பிரிக்' என்பார்கள். சாதாரணச் செங்கல் இளகி வழிந்துவிடும் 1,500 டிகிரி உஷ்ணத்திலும் இது அசையாமல் நிற்கும். இரும்பு உருக்கும் உலை, கண்ணாடிச் சூளை, நகரத்து விளக்குக்கு வாயு வடித்த கொப்பரை, ரயில் எஞ்சினின் நெருப்புப் பெட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் உட்புறத்தில் இந்தக் கல் வேண்டும்.

கிளாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள கோட்பிரிட்ஜ் இரும்பினால் வளர்ந்த ஊர். உலைக்குள் குளிர்ந்த காற்றுக்குப் பதிலாகச் சுடவைத்த காற்றை ஊதலாம் என்று 1828-ல் நீல்ஸன் என்பவர் காப்புரிமை பெற்றார். நிலக்கரிச் செலவு வெகுவாகக் குறைந்தது; உலைகள் பெருகின; உலை பெருகப் பெருகத் தீச்செங்கல்லுக்குக் கிராக்கியும் ஏறிற்று. கோட்பிரிட்ஜுக்கு வடக்கே இரண்டு மூன்று மைலில் கிளென்பாய்க். அங்கிருந்த கம்பெனிகள் 1882-ல் ஒன்றுசேர்ந்து ஒரே ஸ்தாபனமாயின. இதற்குப் போட்டியும் இருந்தது. பானிபிரிட்ஜ் என்ற ஊரில் 1887-ல் தொழில் தொடங்கிய ஸ்டைன் கம்பெனி, தன் கற்களுக்குக் காஞ்சொறி என்றும் முட்செடி என்றும் பொருள்படும் பெயர்களைச் சூட்டியது. முட்செடி ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னம். காஞ்சொறியை ஏன் தேர்ந்தார்கள்? தொட்டால் எரியும் என்ற நினைப்போ, என்னவோ!

பெயர் பொறித்தது வெறும் டம்பத்துக்காக அல்ல. உலைக்குள் ஒரு பகுதி சரிந்தால் வேலை நிற்கும். ஆள் உயிருக்கும் ஆபத்து. ஆகவே வாங்குகிறவன் கல்லைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பார்த்தான். சான்பிரான்ஸிஸ்கோவுக்குக் கோதுமை ஏற்றப் போகும் கப்பலும், ஆஸ்திரேலியாவுக்குக் கம்பளி ஏற்றப் போகும் கப்பலும் வெறுமனே போனால் கடலில் தள்ளாடும். அடிப்பாரமாக மணலை ஏற்றினால் அக்கரையில் கொட்டிவிட வேண்டியதுதான். கல்லை ஏற்றினாலோ விலைக்கு விற்கலாம். செங்கல் உலகம் சுற்றிய ரகசியம் இவ்வளவே.

நம் நாட்டில், ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளுக்கு யந்திரங்களும் மானேஜர்களும் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்திலிருந்து வந்தது பிரசித்தம். ஆனால் வங்காளத்து ராணிகஞ்சில் நிலக்கரி இருந்தது, தீமண்ணும் இருந்தது. அங்கே கல் சுட்டு அதில் 'பர்ன்' என்று பொறித்த கம்பெனியின் மூலபுருஷரும் ஸ்காட்லாந்துக்காரரே. களிமண் உலையில் இரும்பு உருக்கிப் பழகிய கொல்லர்கள் வாழ்ந்த தேசத்தில், கல்லின் மேல் அவர்கள் பெயர் ஏறவில்லை.

பெயர் ஏறாதவர்கள் ஸ்காட்லாந்திலும் உண்டு. தீமண்ணைச் சுரங்கத்தில் இறங்கித்தான் வெட்ட வேண்டும். அரைக்கும்போது எழும் தூசி சுவாசப்பையைக் கெடுத்தது. பிரிட்டிஷ் செங்கல் சூளைகளில் பெண்களும் குழந்தைகளும் ஈரமண்ணைச் சுமந்தார்கள். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களையும் இவ்வேலையில் வைக்கலாகாது என்று 1871-ல் சட்டம் வந்தது. சட்டம் போடவேண்டி வந்தது என்றால், அதற்குமுன் நடந்ததை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கிளென்பாய்க்கில் இறங்கியதும் சூளையைத் தேடினோம். சூளை இல்லை. வீடுகள், புல்வெளி, மழை. வட கடலிலிருந்து இயற்கை வாயு வந்ததும் நகரத்து வாயுக் கொப்பரைகள் அணைந்தன. 1968-ல் பிரிட்டிஷ் ரயில்வே நீராவி எஞ்சினைக் கைவிட்டது. எஃகு காய்ச்சும் முறை மாறி, வேறு வகைக் கற்கள் வந்தன. 1992-ல் பக்கத்து மதர்வெல்லில் இருந்த ரேவன்ஸ்கிரெய்க் எஃகு ஆலையும் மூடப்பட்டது. அதற்கு முன்பே கிளென்பாய்க்கின் புகைபோக்கிகள் ஓய்ந்துவிட்டன. ஊரின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோன கல், ஊரில் வாய்க்கால் ஓரத்திலும் தோட்டத்து வரப்பிலும் கிடக்கிறது.

அப்படி ஒரு வரப்பில், வீட்டுக்காரரின் அனுமதியோடு ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தோம். வெளிர் மஞ்சள் நிறம். பெயரின் எழுத்துக்கள் நேற்று அச்சிட்டாற்போல் தெளிவாக இருந்தன. அவற்றின் ஓரத்தில் ஒரு சிறு குழி. ஈரமாக இருந்தபோது யாரோ எடுத்து வைத்த விரலின் தடம். ரேகை கூடத் தெரிந்தது. நம் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தோம். அடங்கவில்லை. அந்த விரல் நம்முடையதைவிடச் சிறியது.