ஒரு சாண் ரப்பர்

லாரித் தொழிலில் இருப்பவர்களோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்து விழும். ஒன்று மைலேஜ். மற்றொன்று நம்பிக்கை. முதலாவதற்குக் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நோட்டில் எழுதிவிடலாம். இரண்டாவதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. ஆகவே முதலாவதைக் கொண்டே இரண்டாவதையும் அளந்துவிடுவது உரிமையாளர்களின் வழக்கம். மைலேஜ் குறைந்தால் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாவது வண்டியன்று, ஓட்டுநர். டாங்கில் குழாயைப் போட்டு டீசலை உறிஞ்சி விற்றுவிடுகிறவர்கள் இத்தொழிலில் இல்லவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அப்படிச் செய்யாத ஒருவர் அந்தச் சந்தேகத்தின் கீழ் நிற்கும்போது, தம் பக்கம் சாட்சி சொல்ல அவருக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு முறை கிழிந்துபோன ரப்பர் குழாய் ஒன்று அந்தச் சாட்சியைச் சொன்னது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

*

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், விழுப்புரத்துக்கும் வழிகள் பிரியும் ஊர் அது. பழைய 45-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்குவழிப் பாதையாக அகலமானபோது ஓரத்து மரங்கள் போயின, லாரிகள் பெருகின. விழுப்புரத்துக்கு அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டத்தின் தலைநகரம். ரயில் சந்திப்புக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் புறவழிகளில், பாடி கட்டுகிறவர்கள், கமான்பட்டை அடிக்கிறவர்கள், பம்பு பார்க்கிறவர்கள் என்று லாரிக்கான ஒரு தனி உலகம் இருக்கிறது.

இவ்விரு ஊர்களுக்கும் அருகே திருவக்கரை. வக்கிரகாளி அம்மனுக்காகப் பௌர்ணமி தோறும் கூட்டம் கூடும் ஊர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காத்துவரும் கல்மரப் பூங்கா அங்கேதான் உள்ளது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அதே வட்டாரத்தில் கல்குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் உண்டு. கிரஷரை நெருங்கும்போதே சாலையோரச் செடிகள் பச்சை இழந்து சாம்பல் பூத்து நிற்கும். அந்தத் தூசிக்குள் நாளெல்லாம் புகுந்து புறப்படும் லாரியின் இயந்திரம் எதைச் சுவாசிக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் குறைவு.

*

என் தாய்மாமா திண்டிவனத்தில் இரண்டு லாரிகள் வைத்திருந்தார். திருவக்கரைப் பக்கம் ஜல்லி ஏற்றிச் சென்னைப் புறநகர்க் கட்டடங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டும் வேலை. 2012-இல் ஞாயிறுதோறும் அவருடைய கணக்கு நோட்டை நான்தான் எழுதி வந்தேன். இரண்டில் ஒன்று பழைய வண்டி, டர்போ இல்லாதது. மற்றொன்று கடனில் வாங்கிய புதிய வண்டி. டர்போவும் இன்டர்கூலரும் கொண்டது. அதை ஓட்டியவர் மயிலம் பக்கத்துக் கிராமத்துக்காரர். மாமாவிடம் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்தவர். மாமா அவரை 'ப்பா' போட்டுப் பேசுவார். நாங்களெல்லாம் அண்ணன் என்போம்.

லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த அந்த வண்டி, அவ்வாண்டு வெயில் காலத்தில் 3.8 ஆகி, 3.6 ஆகி, 3.4-இல் வந்து நின்றது. போகவரச் சுமார் 300 கிலோமீட்டர் நடைக்கு 75 லிட்டர் போதும் என்றிருந்தது 88 லிட்டராயிற்று. நடைக்கு 13 லிட்டர்! மாதத்துக்கு இருபது நடை என்றால் 260 லிட்டர். நோட்டில் அந்த எண்களை எழுதியபோது அவற்றை மாமா எப்படி வாசிப்பார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

"வண்டியில இழுவயே இல்ல மொதலாளி. மேடு ஏறும்போது மூச்சு முட்டுது. பின்னாடி கரும்புகையா கக்குது" என்று அண்ணன் மூன்று முறை சொன்னார். மாமா நாசிலைக் கழற்றிச் சரிபார்க்கச் சொன்னார். டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினார். உள்ளூர்ப் பட்டறையில் வண்டியை நிறுத்தி வைத்து ரேஸ் செய்து பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அதன் பிறகு மாமா எதுவும் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அண்ணனின் பேட்டாவில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று அண்ணனும் கேட்கவில்லை. இருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வார்த்தை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வாரம் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "விழுப்புரத்துல ஒரு மேஸ்திரி இருக்காரு. ஒரு நாள் வண்டிய அங்க விடுங்க. கூட தம்பியயும் அனுப்புங்க." தம்பி என்றது என்னை. தாம் சொல்வதை மாமா நம்பமாட்டார், நான் சொன்னால் நம்புவார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

*

இங்கே டர்போவைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் டீசல் முழுவதுமாக எரிய, குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். லாரி ஓடுவது டீசலால் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பெருமளவு உண்பது காற்றையே. பழைய இயந்திரங்கள் தங்கள் மூச்சை மட்டும் நம்பின. பிஸ்டன் கீழிறங்கும்போது உள்ளே வருகிற காற்று எவ்வளவோ அவ்வளவுதான். ஆல்ஃபிரட் ப்யூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை வேறு. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள விசிறியால் காற்றை அமுக்கி உள்ளே திணிப்பது. நம் நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகியபோது, டர்போ இல்லாத கனரக லாரி இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின.

அந்த விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று என்ற அளவில் சுழலக்கூடியது. அதற்கு முன்னும் பின்னும் குழாய்கள். முன்னால் இருப்பது உறிஞ்சும் பக்கம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வருவது. பின்னால் இருப்பது அழுத்தப் பக்கம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கே சூடு தணிந்து இயந்திரத்துக்கும் போவது. இரும்புக் குழாய்களுக்கு நடுவே வளைந்து கொடுப்பதற்காகச் சாண் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ்கள். இயந்திரம் ஆடும், சேஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்வது இந்த ரப்பர்தான்.

இரு பக்கத்துக் கிழிசல்களின் குணமும் வேறு. அழுத்தப் பக்கம் கிழிந்தால் திணித்த காற்று வெளியே போகும். டீசல் அப்படியே வரும், காற்று வராது. எரியாத டீசல் கரும்புகையாகும். இழுவை குறையும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மேலும் மிதிப்பார், மைலேஜ் விழும். உறிஞ்சும் பக்கம் கிழிந்தாலோ புகையும் தெரியாது, ஓசையும் கேட்காது. ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு தூசி நேராக உள்ளே போகும். முதலில் விசிறியின் இதழ்களைத் தேய்க்கும், பிறகு லைனரையும் பிஸ்டன் ரிங்கையும். தெரிய வரும்போது இயந்திரத்தையே இறக்க வேண்டியிருக்கும்.

*

மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். "வாங்கண்ணே" என்று அண்ணனை வரவேற்றவர், என்ன கோளாறு என்று கேட்கவில்லை. எங்கே இழுக்கவில்லை என்று கேட்டார். காலி வண்டியில் சரியாக இருக்கிறது, லோடு ஏற்றினால்தான் என்றார் அண்ணன். மேஸ்திரி தலையாட்டினார்.

இயந்திரம் ஆறும்வரை காத்திருந்தார். பின்பு ஒவ்வொரு ஹோஸையும் கையால் அமுக்கினார். நல்ல ரப்பர் அமுங்கித் திரும்ப எழும். எண்ணெய் குடித்த ரப்பர் உப்பிக் கொழகொழவென்றிருக்கும். சூட்டில் முற்றியது கட்டைபோல விறைத்து, வளைத்தால் மெல்லிய கோடுகளாக வெடிப்புக் காட்டும். கண்ணுக்குத் தெரியும் மேற்பக்கத்தை விட்டுவிட்டு, அடிப்பக்கத்தையும் கிளாம்ப் ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே போனார். சில ஹோஸ்களில் வெளித்தோல் நன்றாக இருக்கும், உள்தோல் உரிந்து காற்றை அடைக்கும் என்று சொல்லி, கழற்றியவற்றின் உள்ளே டார்ச் அடித்தும் பார்த்தார்.

பிறகு ஒரு பி.வி.சி. மூடியை எடுத்தார். அதன் நடுவே டயர் வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார், அவரே செய்தது. அதை டர்போவின் வாயில் இறுக்கி, காற்றுக் குழாயை மாட்டிப் பத்துப் பவுண்டு மட்டும் ஏற்றினார். சோப்பு நீரைத் துணியில் தோய்த்து இணைப்புகள் மேல் பிழிந்தார். இன்டர்கூலரிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் ஹோஸின் அடியில், விரல் நீளத்துக்கு நுரை பொங்கியது.

"நிறுத்தி வெச்சி ரேஸ் பண்ணா இது தெரியாது தம்பி. லோடு இல்லாம டர்போ முழுசா அடிக்காது. கிழிசல் மூடிக்கும். மேட்டுல அழுத்தம் வந்தாத்தான் வாய் தொறக்கும்" என்றார். அண்ணன் எதுவும் பேசவில்லை. அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலை அத்தோடு முடியவில்லை. உறிஞ்சும் பக்கத்துக் குழாயின் உள்ளே மேஸ்திரி வெள்ளைத் துணியால் துடைத்தார். ஃபில்டருக்குப் பின்னே இருக்கும் குழாய் சுத்தமாக இருக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் மெலிதாக ஒட்டியிருந்தது. அங்கும் கிளாம்ப் ஓரத்தில் ஒரு வெடிப்பு. விசிறியின் இதழ் விளிம்புகளை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார், அச்சை அசைத்துப் பார்த்தார். இன்னும் தேயவில்லை. "அது வண்டி காசு தின்னும். இது வண்டியவே தின்னும்" என்றார். கிரஷர் தூசியில் ஓடும் வண்டிக்கு இன்னும் சில மாதங்கள் கடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் விளக்கத் தேவையிருக்கவில்லை. மாதத் தவணை நோட்டும் என் கையில்தானே இருந்தது.

டர்போவின் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் கழற்றும் வேலையைத் தொடங்கினார்; ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தாலும் விசிறி போய்விடும். இரும்புக் குழாயின் முனைகளை எண்ணெய்ப் பசை போகத் துடைத்தார். புது ஹோஸ் ஏறுவதற்குச் சிரமப்பட்டபோது பட்டறைப் பையன் கிரீஸை நீட்டினான், அதட்டினார். கிரீஸ் தடவினால் அழுத்தத்தில் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும். ஈரத்துணியில் சிறிது சோப்பு நீர் போதும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். குழாய் முனையில் இருக்கும் மேட்டைத் தாண்டி உள்ளே தள்ளி, அதற்குப் பின்னால் கிளாம்ப் உட்காரும்படி பார்த்துக்கொண்டார். ரப்பர் பிதுங்கும்வரை முடுக்கினால் கிளாம்பே அதை வெட்டிவிடும் என்பதால் ஓர் அளவில் நிறுத்தினார். லாரி டியூபை வார்போல வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டுவது பட்டறை வரும்வரை ஒட்டுவதற்குத்தான், மாதக்கணக்கில் ஓடுவதற்கன்று. ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டுவதும் அப்படியே. அழுத்தப் பக்கத்துச் சூட்டுக்காக அது செய்யப்பட்டதன்று.

கடைசியில் வண்டியின் அடியில் படுத்து என்ஜின் மவுண்டிங்கைப் பார்த்தார். ஒரு பக்க ரப்பர் நசுங்கியிருந்தது. அதனால் இயந்திரம் அளவுக்கு மீறி ஆடி, ஹோஸை முறுக்கியிருக்கிறது. அதை மாற்றாமல் ஹோஸை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள் என்றார். அதையும் மாற்றினோம். ஒரு நடை ஓடி இயந்திரம் சூடேறி ஆறிய பிறகு கிளாம்புகளை மறுபடி ஒரு சுற்று முடுக்கச் சொல்லி அனுப்பினார்.

*

திண்டிவனத்தில் டாங்கை நிரப்பினோம். சென்னை போய் வந்து அதே பங்கில், அதே பம்பில் மீண்டும் நிரப்பினோம். 3.9. அடுத்த நடையும் அதே. கிழிந்த ஹோஸை மாமாவின் முன்னால் மேசைமேல் வைத்து, இரு கையாலும் வளைத்துக் காட்டினேன். அது வாய் திறந்தது. மாமா நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். அந்த மாதச் சம்பளக் கவரில் பிடித்த பேட்டாவும் சேர்ந்திருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, கொடுத்தார். அண்ணனும் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

பொங்கல் முடிந்ததும் அண்ணன் வேறொருவர் வண்டிக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு அல்ல. மாமா வீட்டு விசேஷங்களுக்கு அதன் பின்னும் வந்தார். ஏன் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஹோஸ மாத்தலாம் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்பனையாகும் புதிய லாரிகள் பாரத் நிலை ஆறு விதிப்படி வருகின்றன. அவற்றில் காற்றழுத்தம் குறைந்தால் சென்சார் கண்டுபிடித்து ஓட்டுநரின் கண்ணெதிரே விளக்கை எரியவிடும். டாங்கில் எவ்வளவு டீசல் குறைந்தது என்பதை உரிமையாளரின் கைப்பேசிக்கு அனுப்பும் கருவிகளும் சந்தையில் உண்டு. முதல் கருவி ஓட்டுநரின் சொல்லுக்குச் சாட்சி. இரண்டாவது, அவர்மேல் வைத்த கண். பல உரிமையாளர்கள் இரண்டாவதைக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்திவிட்டு, முதலாவது எரியும்போது அடுத்த நடை முடியட்டும் என்கிறார்கள். ஒரு வண்டி மேட்டில் மூச்சு முட்டுகிறது என்று அதை ஓட்டுகிறவர் சொன்னால், அந்தச் சொல்லை முதலில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் பட்டறை என்பது என் எண்ணம். கணக்கு நோட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.