பாலையில் ஓர் ஏரி

தமிழ் இலக்கணத்தார் பாலைக்கெனத் தனி நிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டபோது கொள்ளும் வடிவமே பாலை என்பது இளங்கோவடிகளின் கருத்து. அதற்குரிய ஒழுக்கமாக நம் முன்னோர் வகுத்தது பிரிவு. கூடலுக்குக் குறிஞ்சி, பிரிவுக்குப் பாலை என்பது நம் வகுப்பறைகளில் மாணவர் மனப்பாடமாகச் சொல்லும் பாடம்.

இம்மரபை அறியாத அமெரிக்கத் தம்பதியர் இருவர், 1998ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், ஒரு பாலையிலேயே மணம் செய்துகொண்டனர். கலிபோர்னியா மாநிலத்தில் 'டெத் வேலி' எனப்படும் மரணப் பள்ளத்தாக்குத்தான் அவ்விடம். உலகில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பமாகிய 56.7 பாகை செல்சியஸ், 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அங்கே அளக்கப்பட்டது. அதன் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். மலேசியாவில் அவ்வளவு மழை ஒரே மாலைப்பொழுதில் கொட்டித் தீர்ந்துவிடும்!

அத்தகைய இடத்தில் ஒரு தங்கும் விடுதி எழுந்த கதை சுவையானது. பள்ளத்தாக்கில் வெண்காரம் வெட்டி எடுத்த நிறுவனம், தன் சுரங்கத் தொழில் வேறிடத்திற்கு மாறியபோது, இருப்புப்பாதையில் ஏற்றுவதற்குச் சரக்கு இல்லாமையால் மனிதரை ஏற்ற எண்ணிற்று. 1927இல் ஃபர்னஸ் கிரீக் விடுதி திறக்கப்பட்டது. அதன் சுவர்களுக்கு வேண்டிய பச்சை மண் கற்களைச் செய்து கொடுத்த கைகள், வழிவழியாக அங்கே வாழ்ந்துவரும் ஷோஷோனி மக்களின் கைகள். வழி தவறி வந்த அயலார் சூட்டிய 'மரணம்' என்னும் பெயரை அம்மக்கள் விரும்புவதில்லை. பிறந்து வளரும் ஊருக்கு அப்படியொரு பெயரை யார்தாம் விரும்புவர்? விடுதிக்கு வேண்டிய நீர் ஊற்றிலிருந்து வருகிறது. நீச்சல் குளத்தில் அந்நீர் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறிப் பேரீச்சை மரங்களையும் புல்வெளியையும் வளர்க்கிறது.

அந்தப் பேரீச்சை நிழலில்தான் திருமணம் நடந்தது. அவ்வாண்டு எல் நினோவின் விளைவாக மழை மிகுதி. பல்லாண்டு மண்ணுள் உறங்கிய விதைகள் ஒருசேர விழித்தெழுந்தன. அவற்றின் கடினமான மேல்தோல் சிறு தூறலுக்கு இளகாது. போதிய நீர் கிடைக்கும் என்று உறுதியானால்தான் முளை வெளிவரும். மலைச்சரிவெங்கும் மஞ்சள் மலர்கள். சடங்கு முடிந்ததும் புதுமணமக்கள் வண்டியில் சென்று அம்மலர்களிடையே நின்றனர். தேசியப் பூங்காவில் ஒரு மலரையும் பறிக்கலாகாது என்பது சட்டம். எனவே பூக்கடலின் நடுவே மணமகள் தலையில் ஒரு பூக்கூட இல்லை.

இருபத்தைந்தாம் ஆண்டில் மீண்டும் வருவோம் என்று அன்று பேசிக்கொண்டனர்.

கணவர் ஒரு நகரின் நீர் வழங்கல் துறையில் பொறியாளர். மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. மக்கள் இருவரும் வளர்ந்து வெளியேறிய பின் வீட்டில் பூசல் எதுவுமில்லை, பேச்சும் இல்லை. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி வந்தது, போயிற்று. பழைய வாக்கை இருவரும் நினைத்தனர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வாண்டு இறுதியில், பிரிந்துவிடுவது என்று சினமின்றியே முடிவு செய்தனர். சினம் எழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் போலும்.

இதற்கிடையே 2023 ஆகஸ்டு 20ஆம் நாள் ஹிலரி என்னும் புயல் ஓராண்டு மழையை ஒரே நாளில் பள்ளத்தாக்கில் பொழிந்தது. சாலைகள் சிதைந்தன, பூங்கா இரு மாதம் மூடிக் கிடந்தது. 2024 பிப்ரவரியில் மீண்டும் பெருமழை. பேட்வாட்டர் என்னும் உப்புவெளியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு ஏரி பரந்து நின்றது. நாளிதழில் அப்படத்தைக் கண்ட அம்மையார், "இதைப் பார்க்க வேண்டும்" என்றார். கணவர் மறுமொழி கூறாமல் விடுதிக்குத் தொலைபேசியில் பேசினார். ஓர் அறை, இரண்டு கட்டில்கள்.

பிப்ரவரி 28ஆம் நாள் நண்பகல் தோட்டத்தில் அவர்கள் தேடியது தாம் நின்று மணந்த பேரீச்சையை. ஓடைக்கு அருகிலிருந்த மரம் என்றார் கணவர். மதிலோரம் நின்ற மரம் என்றார் மனைவி. அரைமணி நேரம் வாதிட்டனர். பல மாதங்களில் அவர்கள் இவ்வளவு நேரம் பேசியது அதுவே முதன்முறை.

மாலையில் ஏரிக்குச் சென்றனர். நீர் முழங்காலுக்கும் கீழேதான். சிலர் சிறு படகு செலுத்திக்கொண்டிருந்தனர். பனியுகத்தில் இவ்விடத்தை நிறைத்திருந்த பேரேரிக்கு ஆய்வாளர் இட்ட பெயர் மேன்லி ஏரி. மழைக்குப் பின் தோன்றும் இச்சிறு ஏரியையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். தங்கம் நாடி வந்து 1849ஆம் ஆண்டு இறுதியில் இங்கே சிக்கிய குடும்பங்களுக்காக, வில்லியம் லூயிஸ் மேன்லியும் ஜான் ராஜர்ஸும் உணவும் வழியும் தேடி மலை கடந்து நடந்தனர். இனி வாரார் என்று கருதிக் காத்திருந்தோருள் சிலர் புறப்பட்டும் விட்டனர். ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழித்து இருவரும் திரும்பி வந்து, எஞ்சியோரை அழைத்துச் சென்றனர். இவ்வரலாற்றைப் படித்துக் காட்டியவர் அம்மையார். கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்று உனக்கு ஒரு பூப் பறித்துத் தர இயலாமற் போயிற்றே" என்றார் அவர் திடீரென. இருபத்தாறு ஆண்டுகள் மனத்தில் கிடந்த குறை அது.

"பூவா? நான் பூக் கேட்கவே இல்லையே. இன்னும் சற்று நேரம் இங்கே நிற்கலாம் என்றுதான் கேட்டேன். விருந்தினர் காத்திருப்பார்கள் என்று நீங்கள் வண்டியை நோக்கி நடந்துவிட்டீர்கள்."

அவர் தீயவர் அல்லர். யாரையும் காக்க வைக்கலாகாது என்பது அவர் கொள்கை. அலுவலகத்தில் காத்திருப்போர், குழாய் வெடித்த தெருக்களில் காத்திருப்போர் என எல்லோரும் அவர் கணக்கில் இருந்தனர். வீட்டில் காத்திருந்தவரை மட்டும் அவர் அக்கணக்கில் சேர்த்ததில்லை. கடமை உணர்ச்சி மிக்கோரிடம் காணப்படும் கொடுமை இது. ஆசிரியர் தொழிலிலும் இதற்குச் சான்று உண்டு.

அவர் காலணிகளைக் கழற்றினார். இருவரும் நீருள் இறங்கி நின்றனர். கதிரவன் மலைக்குப் பின் மறைந்தான், படகினர் கரையேறினர், குளிர் ஏறிற்று. போகலாம் என்று அவர் கூறவில்லை. இறுதியில் அம்மையார்தாம் கூறினார். கரையேறியபோது கால்களில் உப்பு வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

மறுநாள் புறப்பட வேண்டியவர்கள் புறப்படவில்லை. அன்று கடுங்காற்று வீசத் தொடங்கி, மார்ச் 2 வரை நீடித்தது. அறையில் அடைந்திருந்த அந்நாட்களில் பழைய கணக்குகள் பல வெளிவந்தன. சில குரல் உயர்த்தியே வெளிவந்தன. வழக்கறிஞர் அனுப்பிய தாள்கள் வண்டியிலேயே கிடந்தன. அவற்றை எடுத்து வரவும் இல்லை, கிழித்தெறியவும் இல்லை.

மார்ச் 3ஆம் நாள் காலை, ஊர் திரும்பும் முன் ஏரியை மீண்டும் காணச் சென்றனர். காற்று ஏரியையே தள்ளிக்கொண்டு போய் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வடக்கே பரப்பியிருந்தது. அன்று நின்ற இடத்தில் ஈரச்சேறும் உப்புந்தான் எஞ்சியிருந்தன.

"இங்கேதான் நின்றோம்" என்றார் கணவர்.

"இல்லை, அதோ அங்கே" என்றார் அம்மையார்.