ஏலக்காயும் பூனையும்

ராசிங்காபுரத்துல இருக்கற எங்க சித்தி, போடிக்கு ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போறவங்க. "எது நல்ல காய்னு யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டேன். "யாரு சொல்லணும்? பாத்துப் பாத்துக் கண்ணு பழகிருச்சுப்பா"ன்னாங்க.

2012ல கூகுள் ஆய்வாளர்கள் செஞ்சதும் கிட்டத்தட்ட இதுதான் மக்களே. யூடியூபிலிருந்து எடுத்த ஒரு கோடிப் படங்களை ஒரு செயற்கை நரம்பு வலைக்குக் காட்டினாங்க. எதுக்கும் பேர் சொல்லலை. கொஞ்சம் குறிப்பை மட்டும் வச்சுக்கிட்டு படத்தைத் திரும்ப வரையணும், அவ்வளவுதான் வேலை. 16,000 செயலிகள், மூணு நாள். கடைசியில பாத்தா உள்ளே ஒரு நியூரான் பூனை முகத்துக்குன்னே முழிச்சுக்குது! சைஸு, இருக்கற இடம் எல்லாத்தையும் விட்டுட்டு, பொதுவானதை மட்டும் பிடிச்சிருக்கு.

சித்தி கேட்டாங்க, "அப்ப அது காயும் பொறுக்குமா?"

பொறுக்கும்னு சொல்ல எனக்கு வாய் வரலை.