சாச்சியின் கூலியும் தங்க வருகிற பிள்ளைகளும்



எங்கட தோட்டத்தில் வந்து தங்கி வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றி இன்பொக்ஸில் கேட்காத ஆள் இல்லை. ஒருவர் "டீச்சர், அவங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்கிறார். இன்னொருவர் "அவங்க உங்களுக்கு எவ்வளவு தாறாங்க?" என்கிறார். போன ஜும்ஆ முடிந்து வரும்போது ஒருவர் என் கணவரிடமே, "சும்மா ஆள் புடிச்சி வேல வாங்குறீங்களாமே, எங்களுக்கும் ரெண்டு பேர அனுப்புங்களன்" என்று பகிடியாகக் கேட்டிருக்கிறார். பகிடிதான். ஆனாலும் இவர் வீட்டுக்கு வந்து பகல் சோறு தின்று முடியும் வரைக்கும் வாய் திறக்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே தரமாக எழுதிவிடுகிறேன். நீளம் கூடத்தான். நேரமுள்ளவர்கள் வாசியுங்கள்.

எங்களிடம் இருப்பது வாப்பா தந்த இரண்டு ஏக்கர். பொத்துவிலில் குளத்துப் பக்கம். மணல் கலந்த மண். மாரிக்குக் கச்சான், சோளம், கௌபி. கிணற்றைச் சுற்றி வருடம் முழுக்கக் கத்தரி, வெண்டி, மிளகாய், கீரை. வேலி முழுக்கக் கிளிசரியா. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, அதே வருடம் நவம்பரில் தடையை நீக்கினார்களே, அந்த இடைவெளியில் நம் ஊர் விவசாயிகள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஒரே இரவில் சேதனத்துக்கு மாறு என்றால் மண் மாறுமா? அந்த உத்தரவை நான் இன்றைக்கும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் யூரியா இல்லாத அந்த நாட்களில்தான் நாங்கள் கூட்டெரு போடப் பழகினோம். அடுத்த வருடம் எரிபொருள் வரிசை. பாடசாலை பாதி நாள் இல்லை. அந்த நேரத்தில் விவசாயம் படிக்கிற மாணவன் ஒருவன் எங்கள் கூட்டெருக் குவியலின் படத்தை முகநூலில் பார்த்துவிட்டு, "டீச்சர், ரெண்டு கிழமை வந்து தங்கி நின்று பழகலாமா? சாப்பாடு மட்டும் தந்தால் போதும்" என்று எழுதினான். அப்படித்தான் தொடங்கியது.

இது நாங்கள் கண்டுபிடித்த விஷயமில்லை. 1971இல் இங்கிலாந்தில் சூ கொப்பார்ட் என்ற பெண், லண்டனில் அலுவலகச் செயலாளராக வேலை செய்தவர், வார இறுதியில் நகரத்து ஆட்களைச் சேதனப் பண்ணைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார். அது வளர்ந்து இன்று 'வூஃப்' என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கிறது. அரை நாள் வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். காசு கைமாறாது. இதே மாதிரி ஆட்களைச் சேர்த்துவிடுகிற வேறு இணையத்தளங்களும் உண்டு.

அறுகம்பே பக்கத்தில் இருப்பதால் வெள்ளைக்காரர்களும் கேட்பார்கள். அவர்களை நாங்கள் வேலைக்கு எடுப்பதில்லை. காரணம் நிறமோ மார்க்கமோ இல்லை. சுற்றுலா விசாவில் வந்தவர் இந்த நாட்டில் சம்பளத்துக்கும் வேலை செய்ய முடியாது, சம்பளமில்லாமலும் செய்ய முடியாது. "நான் தொண்டர்தானே" என்று அவர் சொல்லலாம். பிடித்தால் அனுப்பப்படுவது அவர், விசாரிக்கப்படுவது நாங்கள். நான் அரசாங்கச் சம்பளம் எடுக்கிற ஆள். ஆகவே அவர்கள் வந்து சுற்றிப் பார்க்கலாம், இளநீர் குடிக்கலாம், படம் எடுக்கலாம். மம்பட்டி கொடுக்க மாட்டோம். இன்னொன்றும் உண்டு. அவர்கள் வருவது ஏப்ரலிலிருந்து, அலை நல்லா இருக்கிற காலத்தில். எங்களுக்கு ஆள் தேவை ஒக்டோபரில், மழை இறங்கும்போது. அந்த நேரம் அறுகம்பேயில் கடைகளே பாதி பூட்டிக் கிடக்கும்.

ஆக வருகிறவர்கள் எல்லாம் நம் நாட்டுப் பிள்ளைகள். மட்டக்களப்பு, வவுனியா, கண்டி, கொழும்பு. தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாம்தான். பெண் பிள்ளைகள் வீட்டில் என் மகளோடு. ஆண் பிள்ளைகள் தோட்டத்து வாடியில். வருவதற்கு முன் தாய் தகப்பனோடு நானே போனில் கதைப்பேன். கிராம சேவகருக்கும் பள்ளிவாசலுக்கும் சொல்லி வைப்போம். கதை நம் வாயால் முதலில் போனால், பின்னால் வருகிற கதைக்கு வேலை குறைவு.

விருந்துக்கு மூன்று நாள் என்று நம்மட மார்க்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறதே, அதை அப்படியே வைத்துக்கொண்டோம். முதல் மூன்று நாளும் வேலை கிடையாது. சுற்றிப் பார், சாப்பிடு, நித்திரை கொள், கேள்வி கேள். நாலாம் நாளிலிருந்து சுபஹுக்குப் பிறகு தேத்தண்ணி, ஆறு மணிக்குத் தோட்டம், பத்தரைக்கு வெயில் ஏறினால் நிறுத்தம். பின்னேரம் அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் தண்ணி ஊற்றுவது. வெள்ளிக்கிழமை லீவு. அந்தப் பகல் வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பாடு. ஆம்பிளைகள் ஒரு சஹன், நாங்கள் ஒரு சஹன். ஒரே தட்டில் ஆறு கை போவதைப் பார்த்து முதலில் தயங்காத பிள்ளை இல்லை. இரண்டாம் வெள்ளிக்கிழமை இறைச்சித் துண்டுக்குச் சண்டை பிடிப்பார்கள்.

சாப்பாட்டில் எங்களைக் கஷ்டப்படுத்தியது மாசிதான். கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை மீன், முட்டை, பால் ஒன்றும் தொடமாட்டாள். அது பிரச்சினை இல்லை என்று உம்மா சொன்னா. பருப்பு, பூசணி, கீரை எல்லாம் தேங்காய்ப்பால்தானே. ஆனால் எங்கட வீட்டுச் சம்பலில் மாசி, சுண்டலில் மாசி, கத்தரிக்காயிலும் மாசி. உம்மாவின் கை தானாகப் போத்தலுக்குப் போகும். கடைசியில் மாசிப் போத்தலை எடுத்து என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கட தோட்டத்தில் பல வருடமாகக் களை எடுக்கிற ஒரு சாச்சி இருக்கிறா. கணவர் மௌத்தாகி மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறா. பிள்ளைகள் வரத் தொடங்கிய முதல் மாரியில் ஒருநாள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு என்னிடம் கேட்டா: "டீச்சர், இந்தப் புள்ளைகள் சும்மா செஞ்சி குடுத்தா, நாளைக்கி எனக்கென்னத்துக்குக் கூலி?"

கோபமில்லை. அழுகையுமில்லை. கணக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்டா. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு முதல் நாள்தான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வேலை செய்தவரின் கூலியை உடனே கொடுத்துவிட வேண்டும் என்று பாடம் நடத்தியிருந்தேன். கூலியே இல்லாமல் ஆக்குவதற்கு எந்தப் பாடம்?

அன்று இரவு நானும் இவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். தங்குகிற ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு, தேத்தண்ணி, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1000 ரூபாவுக்குக் குறையாது. பதினாலு நாளைக்கு 14,000. சாச்சிக்கு நாள் கூலி 2000. அதே காசில் சாச்சியை ஏழு நாள் எடுக்கலாம். சாச்சி ஏழு நாளில் எடுக்கிற களையை எந்தப் பிள்ளையும் பதினாலு நாளில் எடுக்க மாட்டாது. எடுத்தாலும் களையோடு வல்லாரையும் போகும், பொன்னாங்கண்ணியும் போகும். ஆக "சும்மா ஆள்" என்று ஒன்று இல்லை. லாபம் பார்க்கிற ஆட்கள் இதற்குள் வர வேண்டாம். உண்மையாகவே சொல்கிறேன், நட்டம்தான்.

அதிலிருந்து ஒரு விஷயத்தில் நாங்கள் இறுக்கம். சாச்சிக்குப் போகிற ஒரு நாள் கூலியையும் இந்தப் பிள்ளைகளின் வேலை குறைக்கக் கூடாது. களை எடுப்பது, கச்சான் இடுங்குவது, சோளம் முறிப்பது இதெல்லாம் கூலிக்குரிய வேலை, கூலி ஆட்களுக்கே. பிள்ளைகள் செய்வது நாங்கள் கூலி கொடுத்து ஒருநாளும் செய்விக்காத வேலைகள். கூட்டெருவைப் புரட்டுவது அதில் முதலாவது. சாணம், கிளிசரியா இலை, வைக்கோல் என்று அடுக்கிப் போட்டு, தண்ணி தெளித்து, புரட்டிப் புரட்டி மூன்று மாதம் பார்க்க வேண்டும். காசுக்கு ஆள் வைத்தால் கட்டாது. விதை எடுத்துக் காயவைத்துப் பெயர் எழுதி வைப்பது, கோழிக்கூடு அடிப்பது, கத்தரி மேடைக்குச் சருகு அள்ளிப் போடுவது எல்லாம் இவர்களோடு.

அப்போ களை எடுக்கப் பழக வேண்டாமா? பழகலாம், சாச்சியிடம். சாச்சி பழக்குகிற நாளுக்கும் முழுக் கூலி. "கத்துக் குடுக்கிறதுக்கும் காசா?" என்று சாச்சியே கேட்டா. எனக்கு மாதாமாதம் தருகிறார்களே என்று சொன்னேன்.

அவ பழக்குவது வேடிக்கை. கச்சான் பூக்கத் தொடங்கினால் ஒருவரும் உள்ளே மம்பட்டியோடு போகக் கூடாது. பூவிலிருந்து ஊசி மாதிரி ஒன்று இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காய்க்கும். அந்த நேரம் மண்ணைக் கிளறினால் காய் போச்சு. இதைப் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், புத்தகத்தில் படம் கீறியிருக்கிறார்கள். ஆனால் கையில் மம்பட்டி கிடைத்தால் மறந்துபோகும். ஒருநாள் இரண்டு பேர் பூத்த வரிசைக்குள் இறங்கிவிட்டார்கள். சாச்சி போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. பிறகு ஒரு செடியைத் தானே இடுங்கி, மண்ணைத் தட்டி, அந்த ஊசியைக் கையில் வைத்துக் காட்டினா.

குருணாகலிலிருந்து ஒரு சிங்களப் பையன் வந்தான். அவனுடைய உம்மா ஒவ்வொரு நாளும் மஃரிப் நேரம் பார்த்துப் போன் எடுப்பா. அவன் தள்ளிப் போய் மாமரத்தடியில் நின்று கதைப்பான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்தத் தாயின் கேள்விகள் விளங்கும். அங்கே பயமில்லையா, கதவு பூட்டிப் படுக்கிறாயா, ஏதும் கேட்கிறார்களா. கவலைதான் வந்தது. ஆனால் இந்தப் பக்கம் என் உம்மாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தா. "இவன் ஆரு? ஏன் வந்திரிக்கான்? வீட்டுக்குள்ள எல்லாத்தையும் பாக்கான்." 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்கள் உம்மாவின் மனதை விட்டு இன்னும் போகவில்லை. அவனைக் கண்டால் குசினிக் கத்தியை எடுத்து உள்ளே வைப்பா.

போயா தினம் வந்தது. அவனுக்கு முகுது மகா விகாரைக்குப் போக ஆசை. அந்தப் பெயருக்கு எங்கட ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணிப் பிரச்சினையில் எங்கட சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்து, "ஏறு மகன்" என்று கூட்டிக்கொண்டு போனார். வெளியில் மர நிழலில் நின்றுவிட்டு, அவன் வந்ததும் கூட்டி வந்தார். அடுத்த நாள் கடைத்தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். "வீட்டுல தங்குற புள்ள, தனியா உட ஏலுமா?" என்று மட்டும் சொன்னாராம். காணிப் பிரச்சினை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அவன் போன பிறகு சித்திரைப் புதுவருடத்துக்குப் பஸ்ஸில் ஒரு பெட்டி வந்தது. கவும், கொக்கிஸ். எண்ணெய் என்ன எண்ணெய் என்று உம்மா கேட்டா. தேங்காயெண்ணெய் என்று அந்தத் தாய் போனிலேயே எனக்குச் சொல்லியிருந்தா, நான் கேட்காமலே. உம்மா இரண்டு கவும் தின்றா.

எல்லோரும் இப்படி இல்லை. ஒருவன் மூன்று விருந்து நாளும் நல்லாச் சாப்பிட்டு, நாலாம் நாள் விடிய பஸ் ஏறிவிட்டான். யானை வேலியைத் தாண்டி வந்து தென்னையை முறித்த இரவுக்குப் பிறகு ஒருவன் வாடியில் படுக்க மாட்டேன் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, நானும் படுக்க மாட்டேன்.

வருகிற ஒக்டோபருக்கு வவுனியாவிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். சாச்சியிடம் சொன்னேன். "வரட்டும். நீளக் கை சட்ட கொண்டு வரச் சொல்லுங்க. போனக் கட்டில்ல வெச்சிட்டுத்தான் தோட்டத்துக்குள்ள வரணும்" என்றா. பழக்குகிற கூலி நாளுக்கு 2500 என்றும் சொல்லிவிட்டா. சரி என்று சொல்லியிருக்கிறேன்.

கட்டில் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளின் அறைக்கு இன்னும் ஒரு கட்டில் தேவை. யாரிடமாவது பழையது பாவிக்காமல் கிடந்தால் சொல்லுங்கள், சும்மா வேண்டாம், விலைக்கே எடுக்கிறேன்.