நெக்ஸானா, பிரெஸ்ஸாவா? வட்டியில்லாமல் ஒரு வாகனம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், நல்ல வாழ்க்கைத்துணை ஆகியவற்றோடு வசதியான வாகனத்தையும் மனிதனுக்கு வாய்க்கும் நற்பேறுகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியதை நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். ஆகவே கார் வாங்க எண்ணுவதை வெறும் உலக ஆசை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆயினும் அதே மார்க்கம் வீண்விரயத்தைக் கண்டிக்கிறது. வட்டியை அதனினும் கடுமையாகத் தடுக்கிறது. இவை மூன்றையும் ஒருசேர மனத்தில் இருத்திக்கொண்டு ஒரு காட்சியறைக்குள் சென்று திரும்புவது எளிதன்று. அண்மையில் எங்கள் குடும்பம் அந்தச் சோதனையைக் கடந்து வந்தது. இதே கேள்வியோடு நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறோம்.

எங்கள் தேவை

நாங்கள் வசிப்பது கிருஷ்ணகிரியில். எங்களுள் ஒருவர் ஓசூர் சிப்காட்டில் உள்ள தொழிற்சாலையில் பணிபுரிகிறார். அவருக்கு நிறுவனப் பேருந்து உண்டு. மற்றவர் சூளகிரியில் ஆசிரியை. நாள்தோறும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போக வர ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், ஸ்கூட்டரில். அச்சாலையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஓசூரின் ஆலைகளுக்கும் பெங்களூருவுக்கும் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. மேலுமலை இறக்கத்தில் பின்னால் ஒரு லாரியின் ஒலிப்பான் முழங்கும்போது, இரு சக்கரத்தின்மேல் இருப்பவரின் நாவு தானாகவே கலிமாவைத் தேடும்.

வீட்டில் மூத்தவர் எங்கள் தாயார். முழங்கால் தேய்ந்து, வெளியே செல்லச் சக்கர நாற்காலி தேவைப்படும் நிலை. மாதத்தில் ஒருநாள் அவரைப் பெங்களூருவில் மருத்துவரிடம் காட்டிவர வேண்டும். ஆக, மாதம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஓடக்கூடிய, மூட்டுவலிக்காரர் குனியாமல் அமரக்கூடிய, சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடமுள்ள வாகனம் வேண்டும். இருக்கை சற்று உயரமாக அமைந்த சிறிய எஸ்யூவி வகையே பொருந்தும் என்று தேர்ந்தோம். பலரிடம் கேட்டபின் இரண்டு பெயர்கள் எஞ்சின: மாருதி சுசூகி பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான்.

இரண்டின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். இது தற்செயல் அன்று. 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்கு மிகாத சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைத்தார். பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி என எஞ்சினுக்கும் வரம்பு வைக்கப்பட்டது. அன்றுமுதல் நம் நாட்டுக் கார்கள் அந்த அளவுகோலுக்குள் தம்மைச் சுருக்கிக்கொண்டு பிறக்கின்றன.

ஆனால் நீளம் ஒன்றாயினும் எஞ்சின் ஒன்றன்று. நெக்ஸானின் பெட்ரோல் எஞ்சின் 1,199 சிசி டர்போ. பிரெஸ்ஸாவினுடையது 1,462 சிசி, டர்போ இல்லாதது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது இந்த வேறுபாடு பெரிதாயிற்று. இரண்டு வரம்புகளுக்கும் உட்பட்ட கார்களுக்கு வரி 18 சதவீதம். ஏதேனும் ஒன்றைத் தாண்டினாலும் 40 சதவீதம். வரிக்கு முன் ஏழு லட்சம் மதிப்புள்ள வண்டி என்று கொண்டால், முதல் வகையில் வரி 1,26,000 ரூபாய். இரண்டாம் வகையில் 2,80,000 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வேறுபாடு! பிரெஸ்ஸாவின் வரியும் முன்பிருந்த 45 சதவீதத்திலிருந்து இறங்கியதுதான். எனினும் நெக்ஸானின் பெட்ரோல் வகைக்கு 29இலிருந்து 18ஆக இறங்கியது.

மனம் விரும்பியதும் கை எட்டியதும்

இருப்பினும் எங்கள் மனம் முதலில் பிரெஸ்ஸாவின் தானியங்கிக் கியர் வகையைத்தான் நாடியது. வாகனத்தை நாள்தோறும் ஓட்டப்போகிற ஆசிரியை அண்மையில்தான் கார் ஓட்டக் கற்றவர். ஓசூர்ப் பேருந்து நிலையச் சந்திப்பிலும் அத்திப்பள்ளி நெரிசலிலும் கிளட்சை மிதித்து மிதித்து விடும் துன்பம் அதில் இல்லை. டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் ஓட்டம் சீராக, பதறாமல் இருந்தது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் எங்கும் உண்டு. விற்றாலும் நல்ல விலை போகும். விரும்புவதற்கு இவை போதாதா?

நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த தொகை பதினோரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அந்தத் தானியங்கி வகையின் காட்சியறை விலையோ பத்து லட்சத்தைத் தாண்டியது. தாண்டியவுடன் இன்னொரு வாசலும் திறந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஐந்து முதல் பத்து லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800 ரூபாய். விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் ஐம்பத்து மூவாயிரம் கூடுகிறது. மேல்வகை ஒன்றை ஆசைப்பட்டு எட்டிப் பிடிக்கும் எவரும் இந்தப் படியை முதலில் கணக்கிட்டுக்கொள்வது நலம்.

காப்பீடும் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் துண்டு விழுந்தது. விற்பனைப் பிரதிநிதி புன்னகையோடு ஒரு தாளை நீட்டினார். இரண்டு லட்சம் கடன், ஐந்து ஆண்டுகள், 9 சதவீதம். மாதத் தவணை 4,150 ரூபாய் அளவில். "இது ஒரு தொகையா சார்? கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் வண்டி வீட்டு வாசலில்" என்றார். அவர் தம் தொழிலைச் செய்தார், அவர்மீது குறையில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து கூட்டிப் பார்த்தோம். ஐந்து ஆண்டுகளில் வட்டி மட்டும் ஏறத்தாழ 49,000 ரூபாய். ஆனால் வட்டியைப் பொறுத்தவரை தொகை சிறிதா பெரிதா என்பதன்று கேள்வி. நாள்தோறும் ஏறி அமரும் வாகனத்தின் ஒரு சக்கரமேனும் ஹராமில் உருளலாமா என்பதே கேள்வி.

நம் நாட்டில் இதற்கு மாற்று வழி வங்கிகளில் இல்லை. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்குப் பரிந்துரைத்தது. 2017இல் அதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. எனவே நம்மவர்க்கு எஞ்சியவை சேமிப்பு, பொறுமை, உறவினரிடம் பெறும் அழகிய கடன் ஆகியவையே. அழகிய கடன் பெறுவோர் அதை எழுதி, சாட்சிகளையும் வைத்துக்கொள்ளட்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியதே என்பது சிந்திக்கத்தக்கது.

தாயார் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஹஜ்ஜுக்கென்று ஒரு தொகை தனியே இருக்கிறது. "அதை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன அவசரம்? அந்தப் பிள்ளை லாரிக்கு நடுவே ஸ்கூட்டரில் போவதை நினைத்தால் எனக்குத் தொழுகையில் மனம் நிற்பதில்லை" என்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. இயலாமை வளரும் வயதில் ஒருவரது கடமைக்கான பணத்தை எடுத்து, நமக்குக் கிளட்ச் மிதிக்கும் சிரமத்தைக் குறைத்துக்கொள்வதா? ஓட்டப்போகிறவரே முதலில் மறுத்தார். "கால் வலித்தால் பழகிக்கொள்கிறேன் அம்மா. உங்கள் ஹஜ் தள்ளிப்போனால் அதற்கு எதைப் பழகுவது?" என்றார். எங்கள் முடிவு பாதி அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது.

பாதுகாப்பு என்னும் அமானிதம்

மீதிப் பாதிக்கு வேறு கணக்குகள் இருந்தன. மாதம் 1,500 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் நூறு லிட்டர் அளவில் செலவாகும் என மதிப்பிட்டோம். சிஎன்ஜி என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பிரெஸ்ஸாவிலும் சிஎன்ஜி உண்டு. ஆனால் எரிவாயு உருளை பின்புறப் பெட்டியிலேயே அமர்ந்துவிடுவதால் சக்கர நாற்காலிக்கு இடமில்லை. நெக்ஸானில் உருளையை இரண்டாகப் பிரித்துத் தரையோடு படுக்க வைத்திருப்பதால் 321 லிட்டர் இடம் எஞ்சுகிறது. நாற்காலியைக் கையோடு கொண்டுசென்று மடித்து வைத்துப் பார்த்தோம், கதவு மூடியது. தாயாரை இரண்டு வண்டிகளிலும் ஏற்றி இறக்கியும் பார்த்தோம். விளம்பரத்தைவிட ஒரு முதியவரின் முழங்கால் மெய்யாகப் பேசும்.

விபத்துச் சோதனையில், 2018இல் குளோபல் என்கேப் அமைப்பின் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்ற முதல் இந்தியக் கார் நெக்ஸான். அதன் புதிய வடிவமும் 2024இல் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றது. முந்தைய தலைமுறை விட்டாரா பிரெஸ்ஸா 2018இல் நான்கு நட்சத்திரங்களைப் பெற்றிருந்தது. இரண்டிலும் இப்போது எல்லா வகைகளுக்கும் ஆறு காற்றுப்பைகள் உண்டு. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. குளோபல் என்கேப்பின் முன்மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் செய்யப்படுவது. நூறில் பறப்பவருக்கு அந்த நட்சத்திரங்கள் எந்த உறுதியும் தருவதில்லை. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே விபத்தில் இறந்தார். விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில் அவர் இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை கூறியது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பின்னிருக்கைப் பட்டை நம் காலத்தின் ஒட்டகக் கயிறு.

இவ்வளவையும் எடைபோட்டு, அறிந்தவர்களிடம் மஷூரா செய்தபின் இஸ்திகாரா தொழுதோம். கனவில் ஒரு வண்டி தோன்றும் என்று காத்திருக்கவில்லை. கனவு இஸ்திகாராவின் நிபந்தனை அன்று என்றே ஆலிம்கள் விளக்குகிறார்கள். நமக்கு நன்மையானதை எளிதாக்கவும், தீமையானதை விலக்கவும், கிடைத்ததில் மனநிறைவு தரவும் வேண்டுவதே அதன் சாரம். நெக்ஸானின் சிஎன்ஜி வகையில், கூரைச் சாளரம் முதலிய அலங்காரங்கள் இல்லாத கீழ்வகை ஒன்றை முழுப் பணம் செலுத்தி வாங்கினோம். கியர் கையால்தான் மாற்ற வேண்டும். விரும்பியது கிடைக்கவில்லை, வேண்டியது கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

கார் வாங்கச் சேர்க்கும் பணம் நிஸாப் அளவை அடைந்து ஓர் ஆண்டு கடந்தால், அதற்கும் ஜகாத் உண்டு. காராக மாறியபின் சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கு ஜகாத் இல்லை. சேமிப்புக் கணக்கில் வங்கி வரவு வைத்த வட்டியை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பிரித்துவிட்டோம். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம்; புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கு எடுக்க வேண்டும். காப்பீடு குறித்த ஐயங்களை உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கென்று ஒரு சோதனையும் உண்டு. அண்டை மாநிலத்தில் உறவினர் முகவரியில் பதிவு செய்தால் இலாபம் என்று யோசனை சொல்வோர் இருக்கிறார்கள். வாழாத ஊரை வாழும் ஊர் என்று எழுதிக் கையொப்பமிடுவது பொய்ச் சாட்சியமன்றி வேறென்ன? மெய்யாகவே குடிபெயர்வோர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்தை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பதை அறிந்துகொள்க.

இப்போது காலையில் அந்த வாகனம் சூளகிரிக்குத் தனியே செல்வதில்லை. பேருந்துக்காக நின்றிருந்த இரண்டு சக ஆசிரியைகளும் உடன் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் இந்துச் சகோதரி, ஒருவர் கிறிஸ்தவச் சகோதரி. எரிபொருளுக்குப் பணம் தர முன்வந்தனர், நாங்கள் வாங்கவில்லை. வாகனத்தில் உபரி இடம் உடையவர் அது இல்லாதவருக்கு உதவட்டும் என்ற நபிவழியில் காலியான ஓர் இருக்கைக்கும் கணக்கு உண்டு. ஏறி அமர்ந்ததும் பயண துஆ, பின்னிருக்கையிலும் பட்டை, எண்பதைத் தாண்டாத வேகம். மேலுமலை இறக்கத்தில் லாரிகள் இன்னும் முழங்கத்தான் செய்கின்றன. தாயாரின் தொழுகையில் மட்டும் மனம் நிற்கிறது. அவருடைய ஹஜ் தொகையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் வாகனங்களில் பரக்கத்தையும், நம் சாலைகளில் பாதுகாப்பையும், நம் வருவாயில் தூய்மையையும் தந்தருள்வானாக. கடனில் சிக்கியிருப்போருக்கு வெளியேறும் வழியை எளிதாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.